யார் கைக்கு இன்சூரன்ஸ்

ஹாலிஸ் பீலுக்கு ஐம்பத்து நான்கு வயதில் வந்த பெரிய தலைவலி ஒரு சின்னக் கட்டம். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இராது. கிரெடிட் கார்டு பில்லோடு வந்த காகிதத்தின் அடியில், சிவப்புக் கோட்டுக்குள் அது இருந்தது. அதில் ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். நாளைக்கே ஹாலிஸ் கை கால் முடங்கிக் கிடந்தாலும், அவன் எழுந்து வேலைக்குப் போகும்வரை கார்டின் மாதத் தவணையை இன்சூரன்ஸே கட்டிக்கொள்ளும். அதற்கு விலை, பாக்கியில் நூறு டாலருக்கு எழுபத்தைந்து சென்ட் வீதம் மாதாமாதம் பில்லிலேயே ஏறிவிடும். நவம்பர் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும்.

ஒரு டிக் போடலாமா வேண்டாமா என்று ஒரு மனிதன் ஆறு வாரம் யோசித்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் குடாவில் யாரும் சிரிக்கவில்லை. இங்கே ஏற்கெனவே ஒருவன் டிக் போட்டிருந்தான். போட்ட ஒன்பதாவது வாரம் அவனுடைய வலது கை கடலுக்குள் போய்விட்டது.

ஹாலிஸ் சாதாரண ஆள். பத்து வயதில் கூண்டுகளில் இரை அடைக்க அப்பாவின் படகில் ஏறியவன், அதன்பிறகு இறங்கவே இல்லை. சிங்கி இறால் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அறுநூறு கூண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மிதவை, பெண்டாட்டி பெயரை எழுதிய படகு. பெரிய ஊர் என்றால் அவனுக்குப் பேங்கர் நகரம்தான். அங்கே இரண்டு முறை போயிருக்கிறான். ஒருமுறை கல்யாணக் கோட்டு வாங்க, ஒருமுறை மனைவி ஆர்டிஸின் பித்தப்பையை எடுக்க. இரண்டு முறையும் திரும்பி வந்து, வண்டி நிறுத்த இடமில்லை என்பதை மட்டும்தான் சொன்னான்.

அவனுடைய நேர்மை ஊருக்கே கேலிப்பொருள். ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்த இறாலில் ஒன்று சட்டம் சொல்லும் அளவுக்கு ஒரு நூல் குறைவு என்று சமையலறையில் அளந்து கண்டுபிடித்தான். கொதிக்கிற தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு, கொட்டும் மழையில் படகுத்துறைவரை நடந்துபோய் அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தான். "அது உனக்கு நன்றிக் கடிதாசி போடும், தபால்காரனைப் பாத்துட்டே இரு" என்று ஆர்டிஸ் பல வருஷம் சொல்லிக் காட்டினாள்.

கடன் என்றாலே அவனுக்கு உடம்பில் அரிப்பு எடுக்கும். ஆனால் அந்த வருஷம் ஏப்ரலில் படகின் எஞ்சின் செத்துப்போனது. சீசன் தொடங்க மூன்று வாரம் இருந்தது, கையில் காசில்லை. கார்டைக் கொடுத்துப் புது எஞ்சினை வாங்கி இறக்கினான். அதுவரை டிராயரில் ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே கிடந்த கார்டு ஒரே நாளில் வயிறு முட்டத் தின்றுவிட்டது. படகு ஓடினால் தவணை கட்டலாம். கை ஓடினால்தான் படகு ஓடும். கை நின்றால் படகை விற்றுத்தான் அடைக்க வேண்டும். இதை ஆர்டிஸ் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"அந்தக் கட்டத்துல ஒரு டிக் போட உனக்கு என்ன நோவுது?"

"யோசிக்கிறேன்."

"என்னைக் கட்டிக்கக்கூட நீ இவ்ளோ யோசிக்கல."

"அப்ப யோசிச்சிருக்கணும்."

ஆர்டிஸ் சிரிக்காமல் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஹாலிஸின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கை போனவன் வைனல் கார்வர். குடாவின் எதிர்க்கரையில் தனியாக இருப்பவன், ஹாலிஸோடு சேர்ந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். வசந்தத்தில் ஒரு பெண் போன் செய்து பேசிய பேச்சில் மயங்கி, வந்த காகிதத்தில் டிக் போட்டு அனுப்பினான். போட்டதைக் கூட்டுறவுச் சங்கத்தில் எல்லாரிடமும் சொல்லவும் சொன்னான். கேட்டவர்கள் முகம் ஒரு மாதிரி ஆனது. இங்கே அபசகுனம் என்று படகுக்கு நீலச் சாயம் பூச மாட்டார்கள், மேல்தளத்து மூடியைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் மத்தியில், 'என் கை போனால் இவ்வளவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் எப்படி இருக்கும்? ஹாலிஸ் இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் கிண்டலடிப்பவன். ஆனாலும் அவன் படகிலும் நீலம் கிடையாது.

ஜூன் மாதம், மூடுபனி இறங்கிய ஒரு காலை. ஹாலிஸ் கூண்டு தூக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு எஞ்சின் சத்தம் ஒரே சுருதியில் கேட்டது, வருவதுமில்லை, போவதுமில்லை. கிட்டப் போய்ப் பார்த்தான். வைனலின் படகு ஓட்ட ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கயிறிழுக்கும் வின்சுக்குப் பக்கத்தில் வைனல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கயிறு கையுறையைப் பிடித்திருக்கிறது, கையுறை கையைப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. கயிறு அறுந்து கூண்டோடு போனதில் கையும் போய்விட்டது.

ஹாலிஸ் அந்தப் படகில் தாவி ஏறி, அறுந்த மணிக்கட்டைத் தன் வலது கையால் இறுக்கிப் பிடித்தான். இடது கையால் சுக்கான் பிடித்துக் கரைக்கு வந்தான். நாற்பது நிமிஷம். பிடித்த பிடியை ஒரு கணம் விடவில்லை. கரையில் ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை விடச் சொன்னபோது அவனால் விட முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். வைனல் பிழைத்துக்கொண்டான். ஹாலிஸின் உள்ளங்கை அன்று மாலை விறைப்பாக இருந்தது, மறுநாள் குளிர்ந்திருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுமே தெரியாமல் போனது. விரல்கள் வேலை செய்தன, எப்போதையும்விடச் சுறுசுறுப்பாகவே செய்தன. தொட்டதுதான் தெரியவில்லை.

குடாவில் ஒருவன் அடிபட்டுப் படுத்தால், அவன் கூண்டுகளை மற்றவர்கள் தூக்குவார்கள். தன் கூண்டுக்கு முன்னால் அவன் கூண்டு. அவன் படகிலேயே போய்த் தூக்கி, இறாலை அவன் பெயரிலேயே சங்கத்தில் எடை போட்டு, சீட்டை அவன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவார்கள். யார் போனது, யார் தூக்கியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். சீட்டில் உதவியவன் தன் பெயரைப் போட்டால், 'நான் செய்தேன் பார்' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி. அதைவிட அசிங்கம் இங்கே வேறில்லை. அந்தக் கோடை முழுதும் பெரும்பாலும் போனது ஹாலிஸ்தான். வைனலின் படகில், வைனலின் கூண்டைத் தூக்கி, சீட்டில் வைனல் கார்வர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இன்சூரன்ஸ் முதல் மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியது. மாதாமாதம் ஒரு படிவம் வரும், வருமானம் ஏதாவது உண்டா என்று கேட்டு. வைனலும் ஹாலிஸுக்குக் கொஞ்சமும் குறையாத அப்பாவி. உண்டு என்று எழுதி, சங்கத்துச் சீட்டுகளையெல்லாம் கத்தையாக உறையில் போட்டு அனுப்பினான். ஊர் எனக்குச் செய்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது அவன் எண்ணம். அக்டோபரில் பதில் வந்தது. அதை அவன் ஹாலிஸுக்குக் காட்டினான்.

காப்பீடு பெற்றவர் தம் வழக்கமான தொழிலைத் தம் கையாலேயே தொடர்ந்து செய்துவருவது எங்கள் ஆவணங்களிலிருந்து தெரிகிறது, ஆகவே தவணை நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. விற்பனைச் சீட்டில் உள்ள கையெழுத்தையும், விண்ணப்பத்தில் உள்ள கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே கை எழுதியவை.

"நான் எழுதினதுடா அது" என்றான் ஹாலிஸ். அவமானத்தில் அவன் காது சிவந்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உதவியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது.

"தெரியும்."

"என் எழுத்து எருமை நடந்த மாதிரி இருக்கும். உன்னுது சாஞ்சு சாஞ்சு பொம்பளப்புள்ள எழுத்து. எப்படி ஒண்ணாகும்?"

"அதான் நானும் பாக்குறேன்" என்றான் வைனல். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹாலிஸ் வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினான். கூண்டு தூக்கியது நான், கையெழுத்துப் போட்டது நான், வைனலுக்குக் கையே இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள். கீழே தன் பெயரைப் போட்டு, திரும்பிப் படிக்காமல் ஒட்டி அனுப்பினான். படித்தால் அனுப்ப மனம் வராது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஹாலிஸுக்கு இல்லை, வைனலுக்கு. தாங்கள் வேறொருவர் பெயரில் அனுப்பிய கடிதம் கிடைத்தது, எழுதியது தங்கள் கையே என்பதை எங்கள் நிபுணர் உறுதி செய்துள்ளார், இனி இவ்வாறு எழுத வேண்டாம். கூடவே ஹாலிஸின் கடிதத்தின் நகல் இருந்தது. ஹாலிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வார்த்தைகள் அவனுடையவை. எழுத்துகள் எல்லாம் வலது பக்கம் சாய்ந்து, மெலிந்து, வரிசையாக இருந்தன. நான்காம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் வைனலைப் பார்த்துக் காப்பியடித்த அதே எழுத்து.

அவன் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

இதற்கு நடுவில், வைனலை மயக்கிய அந்தப் பெண்ணின் போன் ஹாலிஸுக்கும் வர ஆரம்பித்திருந்தது. செவ்வாய்க்கிழமை நாலு மணி, நவம்பரில் வெளிச்சம் போகிற நேரம். ஆர்டிஸ் கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் வளையம் கட்டத் தேவதாரு நுனி ஒடிக்கக் காட்டுக்குப் போயிருப்பாள். சரியாக ஹாலிஸ் தனியாக இருக்கும்போதுதான் மணி அடிக்கும். குரல் இனிமையானது, அவசரமே இல்லாதது.

"மிஸ்டர் பீல், சும்மா ஒரு பேச்சுக்கு வச்சுக்கலாம் சார். உங்க வலது கை போயிடுதுன்னு வச்சுக்குங்க..."

"ஏம்மா வலது கை?"

"இங்க அப்படித்தான் சார் எழுதியிருக்கு."

"மத்தவங்ககிட்டயும் வலது கைன்னுதான் சொல்வியா?"

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆளுக்கு ஆள் மாறும் சார். ஒருத்தருக்கு முதுகு, ஒருத்தருக்குக் கண்ணு. உங்க தாள்ல வலது கை."

"யாரு எழுதினது?"

"எனக்குத் தாள் மட்டும்தான் சார் வரும். முப்பதாம் தேதிக்குள்ள முடிவு பண்ணிடுங்க. அப்புறம் சேர்க்க முடியாது."

ஹாலிஸ் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றான். அவனுக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்.

காகிதத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. கடந்த ஆறு மாதத்தில் கை கால் பலவீனத்துக்காக டாக்டரைப் பார்த்ததுண்டா? அவன் பார்க்கவில்லை. அதனால் இல்லை என்று எழுதலாம், அது பொய்யில்லை. ஆனால் பார்த்தால் இல்லை என்று எழுத முடியாதே என்பதற்காகத்தான் பார்க்காமல் இருந்தான். ஒரு நூல் குறைந்த இறாலைக் கடலில் விட்டவனுக்கு இது தொண்டையில் முள்ளாக நின்றது. பேசாமல் விட்டுவிடலாம் என்றால், கை ஒருநாள் நின்றுபோனால் எஞ்சினும் போச்சு, படகும் போச்சு. ஆர்டிஸ் பெயர் எழுதிய படகில் வேறு எவனாவது ஏறுவான்.

நவம்பர் மூன்றாம் வாரம் ஒருநாள், கடலிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது நிலை தடுமாறி எதையோ பிடித்துக்கொண்டான். ஒரு பூட்ஸைக் கழற்றி, மற்றதையும் கழற்றினான். ஏதோ தீய்கிற வாடை வந்தது. ஆர்டிஸ் அடுப்பில் என்ன வைத்துவிட்டுப் போனாள் என்று திரும்பிப் பார்த்தான். அவனுடைய வலது உள்ளங்கை விறகடுப்பின் இரும்பு மேல் பரவலாக ஊன்றியிருந்தது. வலி இல்லை, சூடும் இல்லை. மெல்ல எடுத்தான். தோல் கொஞ்சம் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

கயிறு தேய்த்துவிட்டது என்று ஆர்டிஸிடம் சொல்லித் துணி சுற்றிக்கொண்டான். மறுநாள் வழக்கம்போல் ஒரு சட்டி பீன்ஸை எடுத்துக்கொண்டு வைனல் வீட்டுக்குப் போனான். வைனல் தண்ணீர்த் தொட்டிக்குள் மொட்டைக் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பனிக்கட்டித் தட்டு காலியாக இருந்தது. ஒரு இரவில் அவனுக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"நேத்து நாலு மணிக்கு என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றான்.

ஹாலிஸ் சட்டியை வைத்தான். "எதுக்குக் கேக்குற?"

"கை எரியுதுடா."

"எந்தக் கை?"

"இல்லாத கைதான், வேற எது? தீயில வச்ச மாதிரி. ராத்திரி பூரா தண்ணிக்குள்ள விட்டுட்டு உக்காந்திருக்கேன். மொட்டை நனையுது, எரியிற கை நனைய மாட்டேங்குது." அவன் ஹாலிஸின் கையில் சுற்றிய துணியைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறெங்கும் பார்க்கவில்லை. "நான் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். திங்கக்கிழமை உப்பு இரைக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்ட. ஆமாவா?"

"எல்லாரும்தான் விடுவாங்க."

"புதன்கிழமை ஒரு நாயத் தடவின. ஈர நாய்."

"எங்கிட்ட ஏதுடா நாய்?"

"நான் எப்படிக் கண்டேன் யாரு நாய்ன்னு. காதுக்குப் பின்னாடி தடவின. நல்லாருந்துச்சு."

ஹாலிஸுக்கு நினைவு வந்தது. சங்கத்து வாசலில் எடை போடுகிற டெல்மன்ட்டின் கிழட்டு நாய். புதன்கிழமைதான். பார்த்தவர் யாருமில்லை. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எப்பலருந்து?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுலருந்து. முதல்ல வலின்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா கயிறு இழுக்குது, சுக்கான் பிடிக்குது. எனக்குக் குளிரும்டா ஹாலிஸ், வீட்டுக்குள்ள அடுப்புப் பக்கத்துல உக்காந்திருப்பேன், கை மட்டும் கடல்ல குளிரும். நீ கையுறை போட மாட்டேங்குற."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே. அதனால போடல."

"எனக்குத் தெரியுதே" என்றான் வைனல்.

வைனல் மேஜை மேலிருந்த இன்சூரன்ஸ் கடிதத்தைத் தாடையால் காட்டினான். "தன் கையாலயே தொழில் பண்ணிட்டிருக்காருன்னு எழுதியிருக்கான். நான் சண்டை போடலாம்னு ரெண்டு தடவ போன எடுத்தேன். என்னன்னு சொல்றது? அவன் பொய்யா எழுதியிருக்கான்?"

நவம்பர் முப்பது சனிக்கிழமை. தபாலை மதியம் ஒரு மணிக்குக் கட்டிவிடுவார்கள். காலையில் கடல் சரியில்லை என்று ஹாலிஸ் போகவில்லை. சமையலறை முழுக்கத் தேவதாரு வாசம். ஆர்டிஸ் வளையம் கட்டிக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் கறுப்பாகப் பிசின். எழுந்து, சிவப்புக் கோடு போட்ட காகிதத்தை அவன் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தாள்.

"இனிமே நான் கேக்க மாட்டேன். போடுறதுன்னா போடு. இல்லன்னா அடுப்புல போடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு, இது வீட்டுல கெடக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல."

ஹாலிஸ் அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முப்பத்தொரு வருஷம் மீன் டப்பா கம்பெனியிலும் இந்த மேஜையிலும் விரல் தேய உழைத்தவள், ஒருநாள்கூட அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டது இந்த ஒரு டிக். பொய் என்றால் பொய்யாகவே இருக்கட்டும் என்று அவன் முடிவெடுத்தான். அவளுக்காக ஒரு பொய் சொல்லலாம், அதற்கு வரும் பாவத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

டாக்டரைப் பார்த்ததில்லை என்று குறித்தான். கட்டத்தில் டிக் போட்டான். பேனாவைப் பிடித்திருப்பது விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். நல்ல உடல்நலத்தோடு, என் சொந்தக் கையால் ஒப்பமிடுகிறேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, நிதானமாக, எழுத்து எழுத்தாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே தன் பெயரை எழுதினான். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது ஆர்டிஸ் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன வெளையாட்டு?" என்றாள்.

சாய்ந்த, மெலிந்த எழுத்தில் வைனல் கார்வர் என்று இருந்தது.

ஹாலிஸ் எல்லாவற்றையும் சொன்னான். நாற்பது நிமிஷப் பிடியிலிருந்து நாய்வரை. துணியை அவிழ்த்து உள்ளங்கையைக் காட்டினான். ஆர்டிஸ் அந்தக் கையை எடுத்துத் தன் பிசின் விரல்களால் அழுத்திப் பார்த்தாள். கிள்ளினாள். ஹாலிஸின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டென்று ஏதோ நினைத்துக்கொண்டு கிள்ளுவதை விட்டாள்.

"தெரிஞ்சிருக்குமா அவனுக்கு?"

"தெரிஞ்சிருக்கும்."

ஆர்டிஸ் கையை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். தூங்குகிற குழந்தையை இறக்கி வைப்பதுபோல அவ்வளவு மெதுவாக. "அப்ப யாரு கைக்கு நாம இன்சூரன்ஸ் எடுக்கறோம்?" என்றாள். "இது போனா யாருக்குப் போச்சுன்னு எழுதுவான் அவன்?"

ஹாலிஸ் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். அடுப்பின் மூடி செக்கச் சிவந்திருந்தது. மூடியைத் தூக்கும் கொக்கி எங்கே என்று தேடவில்லை. கோபமா துக்கமா, அவனுக்கே தெரியாது. மரத்த கைதானே என்று வலது கையை நேராக மூடியை நோக்கி நீட்டினான்.

போன் மணி அடித்தது.

அவன் கை அந்தரத்தில் நின்றது. ஆர்டிஸ் எடுத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"வைனல்" என்றாள். "கைய எடுக்கச் சொல்றான். சூடு கிட்ட வருதாம்."

ஹாலிஸ் கையை இழுத்துக்கொண்டான். காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான். கொக்கியை இடது கையால் தேடி எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே போட்டான். அது எரிந்து முடியும்வரை வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் கிள்ளினதுக்கு மன்னிச்சுக்கோ வைனல்" என்று ஆர்டிஸ் போனில் சொல்வது கேட்டது.

அந்த எஞ்சின் கடனை அடைக்க அவர்களுக்கு ஐந்து வருஷம் ஆனது. சிவப்புக் கோட்டுக் காகிதம் மாதாமாதம் பில்லோடு வந்தது, அடுப்புக்குப் போனது. அந்தப் பெண் மறுபடி போன் செய்யவில்லை. ஹாலிஸ் இப்போதும் கடலுக்குப் போகிறான். வலது கைக்கு மட்டும் கம்பளி உறையின் மேல் ரப்பர் உறை, கோடையிலும். வின்சுக்குப் பக்கத்தில் இடது கையைத்தான் விடுகிறான், பார்ப்பவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். டெல்மன்ட்டின் நாய் செத்தபிறகு வேறு நாயைத் தேடிப்போய்த் தடவிவிட்டு வருகிறான்.

குளிர்காலத்தில், விடியும் முன் கிளம்புவதற்கு முன்னால், ஆர்டிஸ் காப்பியை ஊற்றி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கோப்பையை அவனுடைய வலது கையில் கொடுப்பாள். அவன் குடிக்க மாட்டான். எதுவும் தெரியாத அந்தக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், எதிர்க்கரையில் வைனல் வீட்டு விளக்கைப் பார்த்தபடி.